அப்பாவுக்கு ஸ்டென்ட் இருக்கிறது, அமெரிக்கா வருகிறார்: எந்த இன்ஷூரன்ஸ் எடுப்பது?

கேட்டவர் டாலஸில் வேலை பார்க்கிறார். அப்பாவுக்கு 69 வயது, டிசம்பரில் 70 ஆகிறது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் உண்டு, 2019-இல் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு 62, மூட்டுவலியைத் தவிர வேறொன்றும் இல்லை. செப்டம்பரில் மதுரையிலிருந்து கிளம்பி வந்து ஆறு மாதம் தங்கப்போகிறார்கள். எந்தக் கம்பெனி நல்லது, பாலிசியை ஊரில் எடுப்பதா அங்கே எடுப்பதா, ஸ்டென்ட் விஷயத்தைச் சொன்னால் சிக்கலாகுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். உள்ளே இருப்பது ஒரே கேள்விதான். வந்த இடத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் பாலிசி பணம் கொடுக்குமா? கொடுக்கும், ஆனால் சில நிபந்தனைகளோடு, ஓர் அளவுக்குள். அந்த நிபந்தனைகளைப் படித்துப் பார்த்த பிறகு கம்பெனி பெயரைப் பற்றிப் பேசலாம்.

நான் சென்னையில் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள், நானும் மனைவியும் மூன்று முறை போய்த் தங்கியிருக்கிறோம். ஆக, கிளெய்மை நிராகரித்துக் கடிதம் எழுதிய அனுபவமும் உண்டு, அப்படி ஒரு கடிதம் வாங்கிய அனுபவமும் உண்டு. டாக்டர் இல்லை, பாலிசி விற்பவனும் இல்லை. பிரீமியம் எவ்வளவு ஆகும் என்று என்னிடம் கேட்காதீர்கள். வயது, நாட்கள், தொகையைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் நீங்களே இணையத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா கேட்டால் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டைக் காட்டினால்தான் விசா. பெற்றோர் போய் நீண்ட நாள் தங்குவதற்கான கனடாவின் சூப்பர் விசாவுக்கு ஒரு வருடத்துக்கு 1,00,000 கனடிய டாலர் காப்பீடு வேண்டும். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு இப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. யாரும் கேட்கப்போவதில்லை என்பதால்தான் நம் ஆட்கள் இருப்பதிலேயே மலிவானதைப் பிடித்துப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் மெடிக்ளெய்ம், வெளிநாட்டுச் சிகிச்சையும் உண்டு என்று தனியாக எழுதியிருந்தால் தவிர, அங்கே செல்லாது. உங்கள் ஆபீஸ் இன்ஷூரன்ஸில் மனைவி, பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள், பெற்றோரைச் சேர்ப்பது அநேகமாக நடக்காது. முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் பற்றியும் சிலர் கேட்பார்கள். கிரீன் கார்டோடு வந்து குடியேறும் பெற்றோரே, அங்கே வேலை பார்த்த கணக்கு இல்லையென்றால், 65 வயதாகி, ஐந்து வருடம் தொடர்ந்து அங்கே வசித்தும் இருந்தால்தான் பணம் கட்டி அதில் சேர முடியும். ஆறு மாதத்துக்கு வந்து போகிறவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை.

இன்னொன்றும் உறுதி. காப்பீடு இல்லை, காசு இல்லை என்று எந்த எமர்ஜென்சியும் அப்பாவைத் திருப்பி அனுப்பாது. 1986-இல் வந்த சட்டப்படி, மெடிகேர் பணம் வாங்கும் ஆஸ்பத்திரிகள், அதாவது ஏறக்குறைய எல்லா ஆஸ்பத்திரிகளுமே, எமர்ஜென்சிக்கு வந்தவரைப் பரிசோதித்து, ஆபத்து நிலையிலிருந்து மீட்டே ஆக வேண்டும். நெஞ்சுவலி என்றால் பாலிசிப் புத்தகத்தைத் தேடாமல் 911 கூப்பிடுங்கள். பில் வரும், அது வேறு கதை. ஆம்புலன்ஸுக்கும் தனி பில் வரும்.

இப்போது பாலிசிக்கு வருவோம். அமெரிக்காவுக்கு வருபவர்களுக்கென்று விற்கும் திட்டங்களில் இரண்டு ஜாதி. ஒன்று, இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று அட்டவணை போட்டுக் கொடுப்பது. இதை ஃபிக்ஸட் என்பார்கள். மற்றது காம்ப்ரிஹென்சிவ். அதில் டிடக்டிபிள், அதாவது முதலில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை போக, மீதி பில்லில் ஒரு சதவீதத்தைக் கொடுப்பார்கள். வித்தியாசத்தை ஓர் உதாரணக் கணக்கில் பாருங்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரி, பில் 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் டிடக்டிபிள் 250, அதற்கு மேல் முதல் 5,000 டாலரில் 80 சதவீதம் அவர்கள், 20 சதவீதம் நீங்கள், அதன் பிறகு பாலிசித் தொகை வரை முழுவதும் அவர்கள் என்று இருந்தால், உங்கள் கையிலிருந்து போவது 250-உம் 1,000-உம் சேர்ந்து 1,250 டாலர். ஃபிக்ஸட் பாலிசியில் அறைக்கு ஒரு நாளைக்கு 1,500, எமர்ஜென்சிக்கு 400, ஸ்கேனுக்கு 500, டாக்டர் வந்து பார்த்தால் ஒரு தடவைக்கு 75 என்று கூட்டிக்கொண்டே போனால் ஆறாயிரத்தைத் தாண்டுவதே பாடு. மீதி உங்கள் தலையில். இரண்டு பாலிசியின் முகப்பிலும் 1,00,000 டாலர் என்றுதான் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். பிரீமியம் பாதிக்குப் பாதி குறைவாக இருக்கிறதே என்று யாராவது ஒரு பாலிசியைச் சிபாரிசு செய்தால், அது அநேகமாக ஃபிக்ஸட் வகைதான். அப்பாவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ஏற்கெனவே உள்ள நோய். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்கத் திட்டங்களில் அக்யூட் ஆன்செட் என்று ஒரு பத்தி இருக்கும். பழைய நோய் திடீரென்று, முன்னறிவிப்பு இல்லாமல் உச்சத்துக்குப் போய், உடனே சிகிச்சை தேவைப்பட்டால் மட்டும் பணம் உண்டு என்பது அதன் சாரம். அறிகுறி தொடங்கி 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும் என்றும் அநேகமாக எழுதியிருப்பார்கள். மெல்ல மெல்ல முற்றி வந்த எதற்கும் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தால் இந்தப் பத்திக்குள் வரும். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்து, பிறகு டாக்டரிடம் போய், அவர் ஆஞ்சியோ எழுதிக்கொடுத்தால் வராது. சர்க்கரை அளவைப் பார்ப்பதும், மாத்திரை மாற்றுவதும், வழக்கமான இதயப் பரிசோதனையும் எந்தப் பாலிசியிலும் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பத்தியில் மூன்று இடத்தை விரல் வைத்துப் படிக்க வேண்டும். முதலாவது, தொகை. சில திட்டங்களில் பழைய நோயாளிக்கு இதயத்துக்கும் பக்கவாதத்துக்கும் மட்டும் 25,000 டாலர் போலத் தனியாக ஒரு குறைந்த உச்சவரம்பு இருக்கும். முகப்பில் உள்ள ஒரு லட்சத்தை நம்பி உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டாவது, வயது. 70 என்பது பல திட்டங்களில் ஒரு கோடு. அதைத் தாண்டினால் மொத்தத் தொகை குறையும், சிலவற்றில் அக்யூட் ஆன்செட் பத்தியே காணாமல் போகும். 80-இல் இன்னொரு கோடு. அப்பாவுக்கு டிசம்பரில் 70 ஆவதால், பாலிசி தொடங்கும் நாளின் வயதைக் கணக்கில் எடுப்பார்களா, சிகிச்சை நாளின் வயதையா என்று மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோனில் சொல்வது கிளெய்ம் மேசைக்கு வந்து சேராது. மூன்றாவது, அண்மைக்கால மாற்றம். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு மருந்தை மாற்றியிருந்தாலோ, ஆஸ்பத்திரியில் இருந்திருந்தாலோ அந்த நோய்க்குப் பணம் இல்லை என்று சில பாலிசிகளில் இருக்கும். கனடியப் பாலிசிகளில் 90 நாள், 180 நாள் நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்றே கேட்பார்கள். ஆகவே இதய டாக்டரைப் பார்த்து டிரெட்மில், எக்கோ எல்லாம் எடுப்பதாக இருந்தால் ஜூனிலேயே எடுத்துவிடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் போய் மாத்திரை மாற்றிக்கொண்டு வராதீர்கள். பயணம் போகலாமா என்று அவர் சொல்வதும் முக்கியம். டாக்டர் வேண்டாம் என்ற பிறகும் கிளம்பி வந்தவருக்கு எந்தப் பாலிசியும் தராது.

ஸ்டென்ட்டைச் சொல்லாமல் விட்டால் என்ன? இதை நேராகக் கேட்டதற்கு நன்றி, பலர் கேட்காமலே செய்வார்கள். நான் பார்த்த நிராகரிப்புகளில் பெரும்பாதி இந்த ரகம்தான். மறைப்பவர்கள் நினைப்பது, மதுரையில் நடந்தது டாலஸில் யாருக்குத் தெரியும் என்று. எமர்ஜென்சியில் நுழைந்ததும் நர்ஸ் கேட்கும் நாலாவது கேள்வி பழைய நோய் என்ன என்பது. மகனோ மருமகளோ பதற்றத்தில் உண்மையைத்தான் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். அது அப்படியே ரெக்கார்டில் ஏறும். ஆஞ்சியோ எடுத்தால் பழைய ஸ்டென்ட் திரையில் பளிச்சென்று தெரியும். கிளெய்ம் பிரிவு முதலில் கேட்டு வாங்குவதே அந்த ரெக்கார்டைத்தான். அடுத்தபடியாக ஊரில் பார்க்கும் டாக்டரிடமிருந்து கடந்த சில வருடச் சிகிச்சை விவரத்தைக் கேட்டுக் கடிதம் போகும். நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் வரியே, இன்னாருக்கு இத்தனை வருடமாகச் சர்க்கரை, பிரஷர் என்றுதான் ஆரம்பிக்கும். ஒரு முறை பல் சிகிச்சைக்குப் போன இடத்தில் எழுதிய சீட்டிலிருந்தே பத்து வருடச் சர்க்கரை வெளியே வந்தது. இந்தியப் பாலிசி என்றால் புரோபோசல் ஃபாரத்தில், அதாவது பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பத்தில், கேட்ட கேள்விக்குப் பொய்யாக எழுதியதே பாலிசியை ரத்து செய்யப் போதுமான காரணம், சம்பந்தமில்லாத கால் முறிவுக்குக்கூடத் தகராறு வரும். அமெரிக்க விசிட்டர் திட்டங்கள் பலவற்றில் வாங்கும்போது நோய் பற்றிக் கேட்பதே இல்லை. அதனால் அங்கே மறைப்பதற்கும் ஒன்றுமில்லை. கேட்காத இடத்தில் வலியப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, கேட்ட இடத்தில் உள்ளதைச் சொல்லுங்கள். ஏஜென்ட் "அதெல்லாம் போட வேண்டாம் சார்" என்றால் ஃபாரத்தை நீங்களே நிரப்புங்கள். கிளெய்ம் நிற்கும் நாளில் அவர் ஃபோன் எடுக்க மாட்டார்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. நம் அப்பா அம்மாக்களுக்கு ஒரு பேச்சு வழக்கம் உண்டு. எப்போதிலிருந்து வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால் "கொஞ்ச நாளாவே ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்பார்கள். மகன் அதை மொழிபெயர்த்து "ஃபியூ வீக்ஸ்" என்பான். ரெக்கார்டில் மூன்று வாரம் என்று ஏறிவிடும், அக்யூட் ஆன்செட் அங்கேயே முடிந்தது. உண்மையில் மூன்று வாரமாக நெஞ்சில் வலி இருந்தால் அதைத்தான் சொல்ல வேண்டும், சிகிச்சையே அதைப் பொறுத்தது. முழங்கால் வலியையும் போன மாத வாயுத் தொல்லையையும் இன்றைய நெஞ்சுவலியோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பில்லுக்குப் பயந்து, மகனுக்குத் தொந்தரவு என்று இரண்டு நாள் பொறுத்துக்கொள்வதும் நம் வழக்கம்தான். அது உடம்புக்கும் கேடு, 24 மணி நேரமும் போயிருக்கும். இதை வந்து இறங்கிய அன்றே அப்பாவிடம் பேசிவிடுங்கள்.

ஊரிலா, அங்கேயா? இங்கே என் பதில் அவ்வளவு உறுதியானது இல்லை. இரண்டு பக்கமும் நல்ல பாலிசியும் உண்டு, மோசமானதும் உண்டு. இந்தியப் பாலிசியில் பெட்டி தொலைவது, விமானம் தாமதமாவது எல்லாம் சேர்ந்தே வரும், ரூபாயில் கட்டலாம். கிளெய்மை மறுத்தால் முறையிட இடம் இருக்கிறது. கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஒம்பட்ஸ்மனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். அமெரிக்கப் பாலிசிக்கு இவ்வளவு எளிதான கதவு நமக்கு இல்லை. ஆனால் இந்தியப் பாலிசிகள் பலவற்றில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகைக்கு இவ்வளவு, ஐசியுவுக்கு இவ்வளவு, ஆபரேஷன் செய்பவருக்கு இவ்வளவு என்று உள்ளே உச்சவரம்பு வைத்திருப்பார்கள். அப்போது அதுவும் ஒரு ஃபிக்ஸட் பாலிசியேதான். உச்சவரம்பு இல்லாத வகையும் கூடுதல் பிரீமியத்தில் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். பழைய நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு சிறு தொகை வரை என்பதுதான் இந்தியப் பாலிசிகளில் அதிகம். அப்புறம், டாலஸ் ஆஸ்பத்திரி கவுன்டரில் அங்கே பழகிய நெட்வொர்க்கின் (கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரி, டாக்டர்களின் கூட்டமைப்பு) பெயர் போட்ட அட்டையை நீட்டினால் பில்லை நேராகக் கம்பெனிக்கு அனுப்ப ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். கேள்விப்படாத அட்டை என்றால் முதலில் நீங்களே கட்டுங்கள் என்பார்கள். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், அப்பாவுக்கு அமெரிக்க காம்ப்ரிஹென்சிவ் திட்டம், அக்யூட் ஆன்செட் பத்தியில் இதயத்துக்குத் தனி உச்சவரம்பு இல்லாததாக, அவர் வயதுக்குக் கிடைக்கும் அதிகபட்சத் தொகைக்கு. அம்மாவுக்கு உள் உச்சவரம்பு இல்லாத இந்தியப் பாலிசியே போதும். இருவருக்கும் ஒரே கம்பெனியில் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் வீட்டிலும் இப்படிப் பிரித்துத்தான் எடுத்தோம்.

எத்தனை நாளுக்கு எடுப்பது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று மாதத்துக்கு எடுத்துவிட்டு, அப்புறம் வேறு கம்பெனியில் மூன்று மாதம் எடுத்தால், முதல் மூன்று மாதத்தில் வந்த நோய் புதுப் பாலிசிக்குப் பழைய நோய் ஆகிவிடும். கிளம்பும் நாள் முதல் திரும்பும் நாள் வரை ஒரே பாலிசி, அல்லது அதே பாலிசியின் நீட்டிப்பு. இந்தியப் பாலிசியை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும்.

கிளெய்ம் எப்படி நடக்கிறது என்பதற்கு எங்கள் கதையே உதாரணம். இரண்டாவது பயணத்தில் ஒரு ஞாயிறு ராத்திரி மனைவிக்குக் குளிர் ஜுரம், சிறுநீரில் எரிச்சல். எமர்ஜென்சியில் ஐந்து மணி நேரம், ஒரு ஸ்கேன், ஒரு பாட்டில் சலைன், ஆன்டிபயாடிக் சீட்டு. ஒரு பில் வரும் என்று காத்திருந்தேன். ஆஸ்பத்திரி ஒன்று அனுப்பியது, பார்த்த டாக்டரின் குழு தனியாக ஒன்று, லேப் தனியாக ஒன்று. நாங்கள் தாம்பரம் திரும்பிய பிறகு ஸ்கேனைப் படித்துச் சொன்னவரின் பில் நாலாவதாக மகள் வீட்டுக்கு வந்தது. கிளெய்ம் பார்த்த அலுவலகம், அது யாராக இருந்தால் என்ன, விவரமான பில் இல்லை என்று ஃபைலையே மூடிவிட்டது. நான் அனுப்பியது மொத்தத் தொகை மட்டும் போட்ட ஸ்டேட்மென்ட். அவர்களுக்கு வேண்டியது ஒவ்வொரு வேலைக்கும் குறியீட்டெண் போட்ட பில்; ஆஸ்பத்திரியிடம் யூபி-04 என்றும், டாக்டரிடம் சிஎம்எஸ்-1500 என்றும் பெயர் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்கள். ஆறு மெயிலுக்குப் பிறகு ஃபைலைத் திறந்தார்கள். இருபது வருடம் அதே வேலை பார்த்த எனக்கே இந்தக் கதி. கிளெய்ம் அனுப்ப 90 நாள் போலக் கெடு இருக்கும், எல்லா பில்லும் வரட்டும் என்று உட்கார்ந்திராமல் முதல் பில்லோடு கிளெய்மைத் திறந்துவிடுங்கள். அட்மிட் ஆனால் 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் அட்டையில் உள்ள எண்ணுக்குச் சொல்லியாக வேண்டும் என்பதும் பாலிசியில் இருக்கும்.

கவுன்டரில் நீட்டும் காகிதத்தில் பணத்துக்குப் பொறுப்பு ஏற்பதாக ஒரு கையெழுத்து கேட்பார்கள். அப்பாவின் சிகிச்சைக்கு மகன் கையெழுத்துப் போட்டால் பில் மகன் பெயருக்கே வரும், வசூல் கம்பெனியும் அவரைத்தான் துரத்தும். சிகிச்சைக்குச் சம்மதம் தரும் காகிதம் வேறு, இது வேறு, படித்துவிட்டுப் போடுங்கள். பாலிசிக்கு மேல் பில் வந்துவிட்டால் உடனே கட்டாதீர்கள். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள் நிதி உதவித் திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2010 சட்டம். யாருக்குத் தருவது என்பதை ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தானே முடிவு செய்கிறது, விருந்தாளியாக வந்தவருக்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். விண்ணப்பம் கொடுத்துப் பாருங்கள். மறுத்தால், கையிலிருந்து கட்டுகிறவருக்குத் தள்ளுபடி என்ன என்று கேளுங்கள். பேரம் பேச வெட்கப்படும் இடம் அது இல்லை.

எல்லாவற்றுக்கும் எமர்ஜென்சிக்கு ஓடவும் வேண்டாம். ஜுரம், வயிற்றுப்போக்கு, கால் பிசகல் இவற்றுக்கு அர்ஜென்ட் கேர் கிளினிக் இருக்கிறது, செலவு எத்தனையோ மடங்கு குறைவு. வீட்டுக்குப் பக்கத்தில் நெட்வொர்க்கில் உள்ள ஒன்றை இப்போதே பார்த்து வையுங்கள். பல்லுக்கு, வலியை நிறுத்துவதற்கு மேல் பாலிசி கொடுக்காது. பல்லையும் கண்ணாடியையும் மதுரையிலேயே முடித்துக்கொண்டு வரட்டும்.

மாத்திரை விஷயம் கடைசி. அமெரிக்காவுக்குள் மூன்று மாத மருந்துதான் கொண்டுவரலாம் என்பது பொதுவான அளவு. நம் ஊரில் சர்க்கரைக்குச் சாதாரணமாக எழுதும் வில்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின், கிளிக்லசைடு மூன்றும் அங்கே விற்பனையிலேயே இல்லை. அப்பாவின் சீட்டில் இவற்றில் ஏதாவது இருந்தால் அங்கே கிடைக்கும் மருந்துக்கு மாற்றலாமா என்று ஜூனில் டாக்டரைப் பார்க்கும்போதே கேளுங்கள். மெட்ஃபார்மினும் டெல்மிசார்டனும் அங்கேயும் உண்டு, ஆனால் வாங்க அந்த ஊர் டாக்டரின் சீட்டு வேண்டும். சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள், மாத்திரையை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு கைப்பையில் வைக்கட்டும். டோலோ கேட்டால் யாருக்கும் தெரியாது. அங்கே பாராசிட்டமாலுக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த கார்டும் 2019 டிஸ்சார்ஜ் சம்மரியும் பாலிசி அட்டையோடு ஒரே கவரில், அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். பெட்டிக்குள் வேண்டாம்.